கரி தின்ற பஸ்ஸும் சாராயம் குடித்த காரும்

1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஓட்டோ கம்பெனிக்காரர்கள் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள். கலப்படம் கிடையாது, சுத்தமான நிலக்கடலை எண்ணெய். பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டதால் செய்த ஏற்பாடு அது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை கொட்டிக் கிடக்கும்போது நிலக்கரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஏன் அலைய வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு யோசனை. எஞ்சின் அலுங்காமல் ஓடியதில், உள்ளே இருப்பது கடலை எண்ணெய் என்று வந்தவர்களில் பலருக்குத் தெரியவே இல்லை என ருடால்ஃப் டீசலே பின்னாளில் எழுதினார்.

அந்தக் கூட்டத்தில் விருதுப்பட்டி வியாபாரி ஒருவர் நின்றிருந்தால் கதையே வேறு. (விருதுநகர் என்று பெயர் மாறியது 1923-ல்தான்.) எஞ்சினை ஒரு பார்வை, எண்ணெயை ஒரு மோப்பம். அன்று சாயங்காலமே ஊருக்குத் தந்தி பறந்திருக்கும். தென்மாவட்டத்துக் கடலை மொத்தமும் கிட்டங்கிக்குள் போய், விலை ஏறுகிற வரைக்கும் கதவு திறந்திருக்காது. இன்றைக்கு அரபு நாட்டு ஷேக்குகள் விருதுநகர் தெப்பக்குளத்தைச் சுற்றி வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். நம்மவர்களுக்குச் சேதி எட்டவில்லை. எஞ்சினுக்குப் போக வேண்டிய எண்ணெயைக் கல்லில் ஊற்றிப் பரோட்டாவைப் பொரித்தெடுத்தோம். அந்த மட்டில் லாபம்தான்.

மாற்று எரிபொருள் விஷயத்தில் நம் நாட்டில் ஒரு நடைமுறை உண்டு. ஜனங்கள் கையில் கிடைத்ததை ஊற்றி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் வரை சட்டம் எட்டிப் பார்க்காது; பார்த்தாலும் பிடித்துக்கொண்டு போகத்தான் பார்க்கும். ஒருவழியாகச் சட்டமும் சலுகையும் கைகோத்து வந்து சேரும்போது, ஜனங்கள் அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போயிருப்பார்கள். விருதுநகர் பக்கத்து மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் நின்று நூறு வருடத்தைத் திரும்பிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. பஸ் வரத் தாமதமாவதால் பார்க்க அவகாசமும் கிடைக்கிறது.

முதலில் கரி. 1941-ல் யுத்தத்தை முன்னிட்டு பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தார்கள். அடுத்த வருடம் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். ஏனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகள் அவன் கைக்குப் போய்விடக் கூடாதென்று வெள்ளைக்காரனே அவற்றை நாசம் பண்ணிவிட்டுக் கிளம்பினான். நம் பக்கத்து பஸ்ஸுக்கு வந்திருக்க வேண்டிய பெட்ரோல் ஐராவதி ஆற்றங்கரையில் புகையாகிப் போனது. மிச்சமிருந்ததை ராணுவம் எடுத்துக்கொண்டது. பஸ் முதலாளிகளைப் பார்த்து சர்க்கார் சொன்னது இவ்வளவுதான்: வண்டி ஓட வேண்டுமானால் கரியைப் போட்டு ஓட்டு.

மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் இருந்தார். 1912-ல் மதுரைக்கும் தேவகோட்டைக்கும் பஸ் விட்ட மனிதர். அவர் பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். லாடத்து ஆணி டயரில் ஏறி நேரம் கெட்டுவிடக் கூடாதென்று, ரோட்டில் காந்தம் கட்டி இழுத்து ஆணி பொறுக்கியதாகவும் ஒரு கதை உண்டு. அப்படிப்பட்டவரிடம் கரியில் ஓட்டு என்றால் என்ன செய்வார்? டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று ஒரு கரிவாயு உலையைச் செய்து பஸ்களுக்கு மாட்டினார். பஸ் ஓடியது. நேரம் என்ன ஆனது என்று கேட்பது நாகரிகமில்லை.

அந்தக் கரி பஸ்ஸைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. மேலே கரி கொட்டும் மூடி. கீழே சாம்பல் வாரும் வாசல். பக்கத்தில் கையால் சுற்றும் காற்றாடி. உள்ளே கரி முழுசாக எரிந்துவிடக் கூடாது. காற்றைக் குறைத்து விட்டால் அது பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அந்த வாயுவைச் சல்லடையில் சலித்து, ஆற வைத்து, குழாய் வழியாக எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். வண்டி கிளம்ப வேண்டிய நேரத்துக்கு வெகு முன்னாலேயே கிளீனர் வந்து தீ மூட்டிக் காற்றாடியைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். டிரைவர் பஸ்ஸை ஓட்டினார் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. கையில் கொப்புளம் கண்டவர் கிளீனர்.

எஞ்சினின் வலுவில் பெரும்பங்கு இதில் போய்விடும். நல்ல வேளையாக இது கரிசல் காட்டுச் சமவெளி. மலை ஏறுகிற வேலை இல்லை. ஆனாலும் கரி பஸ்ஸுக்கு ஓடைப் பாலத்து மேடே மலைதான். இடையில் நிறுத்திச் சாம்பலைக் கிண்டி, கரி போட்டு, மறுபடி சுற்ற வேண்டும். இந்தச் சடங்கெல்லாம் முடிவதற்குள், பின்னால் வந்த மாட்டு வண்டி முந்திக்கொண்டு போயிருக்கும். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமலா போயிருப்பார்? வெள்ளை வேட்டியில் ஏறிய கல்யாண வீட்டுக்காரர் இறங்கும்போது என்ன நிறத்தில் இருந்திருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. யுத்த காலத்தில் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் விறகையும் கரியையும் தின்று ஓடின. யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் எல்லா நாட்டுக்காரனும் ஒரே காரியத்தைச் செய்தான்: உருளையைக் கழற்றி வீசினான். இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. கரி பஸ் ஓடிய நாளில் இந்தப் பக்கம் வேலிக்கருவை இந்த அளவுக்கு மண்டியிருக்கவில்லை. பிறகு அது கண்மாய், ஓடை, தரிசு என்று பார்த்த இடமெல்லாம் பரவி, ஊருக்கு ஊர் கரிமூட்டம் புகைய ஆரம்பித்தது. கரி மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தபோது பஸ்ஸைக் காணோம்.

அடுத்தது சாராயம். இந்த அத்தியாயத்தை எழுதுவதற்குத் தனித் தைரியம் வேண்டும்; நடந்ததை நடந்தபடி சொன்னாலே கேலி மாதிரித்தான் இருக்கும்.

சுதந்திர இந்தியாவின் ஆரம்ப காலச் சட்டங்களில் ஒன்று, 1948-ஆம் ஆண்டின் இந்திய எரிசாராயச் சட்டம். கரும்பாலையில் சர்க்கரை போக மிஞ்சும் மொலாசஸைக் காய்ச்சி எரிசாராயம், அதாவது எத்தனால், எடுத்து, அதை பெட்ரோலில் கலந்து வண்டிகளுக்கு ஊற்ற வழி செய்யும் சட்டம். நல்ல யோசனைதான். அதே 1948-ல், காந்தி ஜயந்தி அன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் ஆரம்பித்ததை ரெட்டியார் மாகாணம் முழுக்க முடித்துவைத்தார். ஆக ஒரே வருடத்தில், மனிதன் குடித்தால் ஜெயில், கார் குடித்தால் தேசபக்தி.

அரசாங்கத்துக்கு அப்போது வந்த கவலையும் நியாயமானதே. காருக்கு என்று வாங்கிய சாராயம் காருக்குத்தான் போகும் என்பதற்கு யார் ஜாமீன்? அதற்குத்தான் எரிசாராயத்தில் வாய் வைக்க முடியாத எதையாவது கலந்து கெடுத்துவைப்பது வழக்கம். வார்னிஷையே வடிகட்டிக் குடித்துப் பார்த்த ஜனங்களிடம் இந்தப் பயமுறுத்தல் எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விஷயம்.

அந்தச் சட்டம் என்ன ஆனது? புத்தகத்தில் இருந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடி உலகமே அலறியபோதும் புத்தகத்தில் இருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டு, பழைய சட்டங்களைக் களையெடுக்கும் வேலையில் அதையும் பிடுங்கிப் போட்டார்கள். ரத்தான வருடம் 2000. பெட்ரோலில் எத்தனால் கலந்து விற்கும் சோதனையை அதே மத்திய அரசு ஆரம்பித்த வருடம் 2001. தாத்தா வைத்த மரம் ஐம்பது வருடம் காய்க்கவில்லை என்று வெட்டிவிட்டு, மறுநாள் அதே குழியில் கன்று நட்டவர்களை இங்கேதான் பார்க்கலாம்.

2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலக்க உத்தரவானது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே 2003 நவம்பர் கடைசியில் தமிழக அரசின் டாஸ்மாக் சில்லறை மதுக் கடைகளைத் தானே எடுத்து நடத்தத் தொடங்கியது. வருட ஆரம்பத்தில் வண்டிக்கு, வருட முடிவில் வண்டி ஓட்டுபவருக்கு. சமூக நீதியில் இதைவிட ஒரு படி மேலே போவது கடினம். ஆனால் கரும்பு கைவிட்டது. வறட்சியில் மொலாசஸ் குறைந்துபோக, 2004-ல் கட்டாயம் தளர்ந்தது. பற்றாக்குறை வந்ததும் விட்டுக்கொடுத்தது வண்டிதான்; டாஸ்மாக் வாசலில் யாரும் விட்டுக்கொடுத்ததாகத் தகவல் இல்லை.

மேலே டெல்லியில் இந்த விளையாட்டு நடந்துகொண்டிருக்க, கீழே மல்லாங்கிணறு பக்கம் உண்மையான மாற்று எரிபொருள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் ரேஷன் மண்ணெண்ணெய். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடும் பம்புசெட்டைப் பார்க்காத கரிசல் கிணறு உண்டா? கிணற்றில் ஓடுவது வண்டியில் ஓடாதா என்று டிரைவர்கள் யோசித்தார்கள். டீசலோடு கலந்தார்கள். மானிய விலையில் கிடைத்த சரக்கு. இதைவிடப் பெரிய ஊக்கத்தொகையை எந்தக் கொள்கையும் இன்றுவரை அறிவித்ததில்லை. சர்க்கார் சும்மா இருக்குமா? ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்றால், நீலமாகக் கலந்தார்கள். முன்னால் போகும் ஷேர் ஆட்டோவின் புகையை மூக்கில் வாங்கினால் போதும், எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லிவிடக் கூடிய நிபுணர்கள் அப்போது இருந்தார்கள்.

அடுத்தவர் ஆம்னி வேன். சீட்டுக்கடியில் சமையல் சிலிண்டர், கொஞ்சம் குழாய், கொஞ்சம் தைரியம். வீட்டுச் சமையலுக்கென்று மானியத்தில் வந்த 14.2 கிலோ சிகப்பு சிலிண்டர் திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் குடும்பத்தோடு சுற்றுலா போய் வந்தது. வீட்டில் பொங்கல் பாதி வெந்த நிலையில் கேஸ் தீர்ந்து அம்மா திட்டிக்கொண்டிருக்க, அப்பா வேனில் அதே கேஸில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். இதெல்லாம் சட்ட விரோதம். ஆபத்தும்தான், அதில் விளையாட்டில்லை. பிறகு 2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2001-ல் முறைப்படி ஆணை போட்டு, வண்டிக்கென்று தனி டாங்கும் தனி பங்கும் இருந்தால் கேஸில் ஓட்டலாம் என்றார்கள். அனுமதி கிடைத்ததும் சிலிண்டர்க்காரர்களில் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் எழுதி, முத்திரை வாங்கி, கேஸ் பங்க் தேடி அலைவதற்கு பெட்ரோலே தேவலை.

இப்போது நம் மாவட்டத்துப் பெருங்கதைக்கு வருவோம். வருடம் 1996. மாவட்டத்தின் பெயர் அப்போது காமராஜர் மாவட்டம். அடுத்த வருடம்தான் விருதுநகர் மாவட்டமானது. ராஜபாளையம் பக்கத்தில் இடையன்குளம் என்று ஒரு கிராமம். அங்கிருந்து ராமர் பிள்ளை என்ற இளைஞர் புறப்பட்டு வந்தார். கையில் ஒரு மூலிகை. சின்ன வயதில் காட்டில் சமைத்தபோது பொறி பறந்து ஒரு செடி குப்பென்று பற்றிக்கொண்டதைப் பார்த்தாராம். அந்தச் செடியின் இலையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, உப்பு, எலுமிச்சைச் சாறு என்று ஒன்றிரண்டு சாமான்களைச் சேர்த்துக் கிண்டினால் பெட்ரோல் மிதக்கும் என்றார். லிட்டர் ஒரு ரூபாய்க்குச் செய்யலாம் என்றார்.

செய்முறையை இன்னொரு தடவை படியுங்கள். தண்ணீர், இலை, உப்பு, எலுமிச்சை. ரசம் வைப்பதற்குக்கூட இதைவிட அதிகச் சாமான் வேண்டும். ஆனால் 1996 செப்டம்பரில் இந்த ரசத்தை டெல்லி ஐ.ஐ.டி.யில் வைத்துக் காட்டினார். விஞ்ஞானிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் செயலாளரே அக்கறை எடுத்துக்கொண்டார். எத்தனால் சட்டத்தை ஐம்பது வருடம் தூங்கவைத்த சர்க்கார் ஒரு பாத்திரம் கொதிப்பதைப் பார்த்துக் கண் விழித்தது. பத்திரிகைகள் ராமர் பிள்ளையின் படத்தை அட்டையில் போட்டன. வெளிநாட்டுக் கம்பெனிகள் கடத்திக்கொண்டு போய்விடும் என்று பயந்து பேசாத டீக்கடை தமிழ்நாட்டில் கிடையாது.

அந்தப் பயத்தையும் அந்தப் பெருமையையும் இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஜனங்கள் நம்பியதில் ஒரு நியாயம் உண்டு. பெட்ரோல் விலையை எவனோ எங்கோ முடிவு செய்கிறான். மாதச் சம்பளக்காரனின் டி.வி.எஸ். 50 அதற்குப் பலியாகிறது. அந்த விலையை நம் ஊர்ப் பையன் ஒரு பிடி இலையை வைத்து உடைத்துவிட்டான் என்றால், நம்பாமல் இருப்பதற்குக் கல் நெஞ்சு வேண்டும். விஞ்ஞானிகள் ஏன் நம்பினார்கள் என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதற்கு ஐ.ஐ.டி. எதற்கு? விருதுநகர் மார்க்கெட்டிலிருந்து ஒரு மொத்த வியாபாரியைக் கூப்பிட்டிருந்தால் போதும். உள்ளே போன இலை எத்தனை கிராம், வெளியே வந்த சரக்கு எத்தனை கிராம் என்று தராசில் வைத்துப் பார்த்து, "இது கணக்குல இடிக்குதே தம்பி" என்று அரை மணியில் கடையைக் கட்டியிருப்பார்.

தராசு கடைசியில் வந்தது. பரிசோதனைகளைக் கெடுபிடியாக நடத்தியபோது பெட்ரோல் மிதக்க மறுத்தது. கிண்டுகிற கோல் உள்ளே குடைந்தது, அதில் பெட்ரோலை அடைத்து நுனியை மெழுகால் மூடியிருந்தது, வெந்நீரில் மெழுகு உருகியதும் பெட்ரோல் மேலே வந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவரோ, தன் கண்டுபிடிப்பு உண்மை, தனக்கு எதிராகச் சதி என்றார். டீக்கடைகள் இரண்டாகப் பிரிந்தன.

கதை அங்கே முடிந்திருந்தால் ஒரு திருவிழா வித்தை என்று மறந்திருப்போம். முடியவில்லை. 1999 வாக்கில் சென்னையில் மூலிகை எரிபொருள் கடைகள் திறந்தன. வண்டிக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். வண்டியும் ஓடியது! ஓடாமல் என்ன செய்யும்? சி.பி.ஐ. சொன்னபடி அதில் இருந்தது டொலுவீன், நாப்தா மாதிரியான பெட்ரோலியச் சரக்குகளின் கலவை. 2000-ல் வழக்குப் பதிவாயிற்று. தீர்ப்பு வந்தது 2016 அக்டோபரில்; சென்னை எழும்பூர் நீதிமன்றம் ராமர் பிள்ளைக்கும் வேறு நான்கு பேருக்கும் 3 ஆண்டு சிறை என்றது. வழக்கு நடந்த பதினாறு வருடத்தில் பெட்ரோல் விலை எங்கேயோ போய்விட்டது. இன்றைக்கும் இந்தப் பக்கம் யாராவது ஒருவர், "இருந்தாலும் அதுல ஏதோ இருந்துச்சுப்பா" என்பார். எதிர்த்துப் பேசிப் பயனில்லை. அவர் வண்டியில் ரிசர்வ் விழுந்திருக்கும்.

மூலிகை பொய்த்த சூடு ஆறுவதற்குள் இன்னொரு செடி வந்தது. இதற்கு அரசு முத்திரையே இருந்தது. காட்டாமணக்கு. 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். 2003-ல் திட்டக் கமிஷன் கணக்குப் போட்டது: 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல், அதற்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஹெக்டேரில் காட்டாமணக்கு. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் போன இடமெல்லாம் அதைப் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டில் மானிய விலையில் கன்று, கூட்டுறவு வங்கியில் கடன்.

கரிசல் காட்டுக்காரனுக்கு அந்தச் செடி புதுசில்லை. பிஞ்சைக்கு வேலியாக நிற்பது. ஆடு வாய் வைக்காது. இலையை ஒடித்து, காம்பு முனையில் கசியும் பாலை ஒரு வளையத்தில் எடுத்து ஊதினால் சோப்பு நுரை மாதிரி முட்டை பறக்கும்; பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாங்களெல்லாம் ஊதியிருக்கிறோம். நாட்டின் டீசல் பஞ்சத்தைத் தீர்க்கப் பிறந்த செடி அது என்று அப்போது வாத்தியார்கூடச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக ஒடித்திருப்போம்.

தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், தரிசில் தானே வளரும் என்றார்கள். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வளர்ந்தது. காய்ப்பதைப் பற்றி அவர்கள் சொன்னதைத்தான் நாம் கவனமாகக் கேட்கவில்லை. காய்க்க வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். தண்ணீரும் உரமும் இருந்தால் மல்லாங்கிணற்றுக்காரன் பருத்தியையோ மிளகாயையோ போட மாட்டானா? 2006 ஜனவரி முதல் பயோடீசலை லிட்டருக்கு 25 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று எண்ணெய்க் கம்பெனிகள் மூலம் மத்திய அரசு அறிவித்தது. உற்பத்திச் செலவு அதற்கு மேலே நின்றது. விற்க ஆளில்லாததால் வாங்க ஆளிருந்தும் பயனில்லை. நட்டவர்கள் பிடுங்கினார்கள். 2009-ல் வந்த தேசியக் கொள்கை 20 சதவீதத்தை 2017-க்குத் தள்ளிவைத்தது. 2018-ல் வந்த கொள்கை பயோடீசலுக்கு 5 சதவீதம் போதும் என்று இறங்கி, அதையும் 2030-க்கு வைத்துக்கொண்டது. இலக்கு சின்னதாகிக்கொண்டே தூரமும் போகிறது. கண் பரிசோதனைக்கு ஏற்ற கொள்கை.

எத்தனால்தான் கடைசியில் ஜெயித்தது. எப்படி என்கிறீர்களா? வண்டியைக் கேட்காமல் ஊற்றி. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-க்கு முன்னால் இழுத்தார்கள். கரும்பு போதவில்லை என்று அரிசிக்குப் போனார்கள். இந்திய உணவுக் கழகத்தின் உபரி அரிசியை எத்தனால் செய்ய எடுத்துக்கொள்ளலாம் என்று 2020-ல் அனுமதி. குடித்துக்கொண்டிருந்த கார் இதோடு சாப்பிடவும் ஆரம்பித்தது. மைலேஜ் குறைகிறது, பழைய வண்டி என்னாகும், கலப்பில்லாத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்று ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடியானது. இத்தனை மைல் சுற்றி வந்து நிற்கிற இடம், 1948 சட்டத்தை எழுதியவர்கள் தொடங்கிய இடம். அவர்களுக்கு ஒரு சால்வையாவது போட்டிருக்கலாம்.

பசுமை நம் மாவட்டத்துக்கு வந்த வருடம் 2018. மழையைச் சொல்லவில்லை. அந்த வருடம் மின்சார வண்டிகளுக்குப் பச்சை நம்பர் பலகை என்று அறிவிப்பு வந்தது. அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இனிமேல் பசுமைப் பட்டாசுதான் என்றது. சிவகாசியில் பேரியம் இல்லாமல் பச்சை வெளிச்சம் எப்படிக் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர்களின் கண் முன்னால் பச்சைப் பலகை மாட்டிய ஸ்கூட்டர் ஒன்று சத்தமே இல்லாமல் போயிற்று. பட்டாசும் சத்தத்தைக் குறை, வண்டியும் சத்தத்தைக் குறை. இந்த மாவட்டம் பிழைப்பதே சத்தத்தில்தான் என்பது யாருக்குப் புரிகிறது?

தமிழ்நாட்டின் முதல் மின்வாகனக் கொள்கை 2019 செப்டம்பரில் எடப்பாடி பழனிசாமி முதல்வராக இருந்தபோது வந்தது. 50,000 கோடி முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை. திருத்திய கொள்கையை மு.க. ஸ்டாலின் 2023 பிப்ரவரி 14 அன்று வெளியிட்டார். காதலர் தினத்தில் பேட்டரியை நினைத்த அரசு அது ஒன்றுதான். அப்போது தொழில்துறை அமைச்சர் தங்கம் தென்னரசு. சொந்த ஊர் சாட்சாத் மல்லாங்கிணறு. மின்சார வண்டிக்கு 2025 டிசம்பர் வரை சாலை வரி முழுசாகக் கிடையாது என்ற சலுகை அந்தக் கொள்கையில் இருந்தது. மூன்று மாதத்தில் இலாகா மாறி, மே மாதம் அவரே நிதியமைச்சர். ஜூனில் மின்சாரத் துறையும் சேர்ந்து வந்து, அடுத்த வருடம் செப்டம்பர் வரை அவரிடமே இருந்தது. வரி வேண்டாம் என்று சொன்னவர், வரி வரவில்லையே என்று கவலைப்பட வேண்டியவர், வண்டிக்குக் கரண்டு விற்க வேண்டியவர் ஆகிய மூவரும் ஒரே வேட்டி சட்டையில் நின்றார்கள்.

கொள்கை அவர் ஊர் டீக்கடைக்கு வந்து சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பழைய மொபெட் பக்கத்தில் சாய்ந்து நின்றது. பையன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"என்ன மாப்ள, பூனை மாதிரி வந்து நிக்கிற?"

"கரண்டு வண்டி மாமா. புதுசு."

"என்ன கொடுக்குது?"

"ஒரு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர்ங்கிறான். விருதுநகர் போய்ட்டு வந்து, மறுபடியும் போய்ட்டு வரலாம்."

"எதுக்குடா ரெண்டு தடவை?"

பையனிடம் பதிலில்லை. பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார். சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். பச்சைப் பலகையைத் தடவினார்.

"வரி எவ்வளவு கட்டுன?"

"ரோட்டு வரியே கிடையாது மாமா. கவர்ன்மென்டே வேண்டாம்னுருச்சு. நம்ம ஊர்க்காரர் மந்திரியா இருக்கும்போது போட்ட திட்டம்."

"சரி. ரோடு யாரு போடுறா?"

"கவர்ன்மென்ட்தான்."

"எந்தக் காசுல?"

பையன் யோசித்தான். பெரியவர் தன் மொபெட்டைக் காட்டினார். "நான் ஒரு லிட்டர் அடிச்சா பாதிக்குப் பாதி வரிங்கிறான். அந்தக் காசுல ரோடு. அந்த ரோட்டுல ஓசியில ஓடுது ஒன் வண்டி. சரிதானே?"

"அப்படித்தான் வரும்போல மாமா."

பெரியவர் திரும்பி உட்கார்ந்து டீக்கடைக்காரரிடம் விரலைக் காட்டினார். "ரெண்டு டீ, ரெண்டு வடை. காசு மாப்ள குடுத்துருவான்."